உதிரத் தெரிந்தால் உடல் நலம்... உதிர மறுத்தால் புற்றுநோய்! செல்லுக்குள் ஒரு வாசல் கதை

உங்கள் கையை ஒருமுறை விரித்துப் பாருங்கள். ஐந்து விரல்கள், நடுவே நான்கு இடைவெளிகள். இந்த இடைவெளிகள் முதலிலேயே இருந்தவை அல்ல. தாயின் வயிற்றில் நீங்கள் 6, 7 வாரக் கருவாக இருந்தபோது உங்கள் கை, படகுத் துடுப்பைப் போலத் தட்டையாகத்தான் இருந்தது. விரல்களுக்கு நடுவே சவ்வு போலத் திசு இருந்தது. அந்தத் திசுவின் செல்கள் குறித்த நேரத்தில் செத்துப்போயின. 8-வது வாரம் முடிவதற்குள் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்தன.

வாத்தின் காலில் அந்தச் செல்களில் பெரும்பாலானவை சாவதில்லை. அதனால் அது துடுப்புப் போட்டு நீந்துகிறது. உங்கள் கையில் அவை செத்ததால்தான் இப்போது போன் திரையை விரலால் தள்ளித் தள்ளி இதைப் படிக்கிறீர்கள்.

விரலோடு இது முடியவில்லை. நம் உடலில் ஒவ்வொரு நாளும் பல ஆயிரம் கோடி செல்கள் சாகின்றன. குடலின் உட்புறத்தில் இருப்பவை சில நாள்களில் போய்விடுகின்றன. கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, ஓரிரு நாளில் ஆயுளை முடித்துக்கொள்கிறது. நம் உடலையே எதிரி என்று தவறாக நினைக்கும் வெள்ளை அணுக்களை, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி வளரும்போதே அடையாளம் கண்டு சாகவைக்கிறது. இத்தனை சாவு நடந்தும் நமக்கு வலி இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை.

எப்படி? இதற்கு விடை தேடிப் போனவர்கள், புற்றுநோய்க்கு ஒரு புது மாத்திரையையும் கண்டுபிடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

கிரேக்கப் பேராசிரியர் வைத்த பெயர்

ஒரு செல் இரண்டு விதமாகச் சாகலாம். ஒன்று, விபத்துச் சாவு. தீக்காயம் படும்போதோ, ரத்த ஓட்டம் திடீரென நின்றுபோகும்போதோ செல் வீங்கி வெடிக்கும். உள்ளே இருப்பதெல்லாம் சுற்றிலும் சிதறும். அந்த இடம் சிவந்து வீங்கும்.

இன்னொன்று, 1960-களில் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கெர் கவனித்தது. எலியின் கல்லீரலை ஆராய்ந்துகொண்டிருந்தபோது சில செல்கள் வேறு மாதிரி சாவதைப் பார்த்தார். அவை வீங்கவில்லை, சுருங்கின. பிறகு சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்தன. பக்கத்துச் செல்கள் அந்தப் பொட்டலங்களை விழுங்கிவிட்டன. சுற்றுப்புறத்தில் எந்தக் கலவரமும் இல்லை.

பின்னர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கரி ஆகியோருடன் சேர்ந்து 1972-ல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார் கெர். இந்தச் சாவுக்கு என்ன பெயர் வைப்பது? அதே பல்கலைக்கழகத்தின் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார். 'அபாப்டோசிஸ்'. மரத்திலிருந்து இலை உதிர்வது, பூவிலிருந்து இதழ் உதிர்வது என்று பொருள்.

காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள் நம் ஊரில். ஆனால், காவோலை விழாவிட்டால் குருத்துக்கு இடம் ஏது? உடலும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

புழு சொன்ன கணக்கு

இந்த உதிர்வு தற்செயலா, திட்டமா? இதற்கு விடை சொன்னது, மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு. சி.எலிகன்ஸ் என்று பெயர். உடல் கண்ணாடி மாதிரி இருப்பதால், உயிரோடு இருக்கும்போதே மைக்ரோஸ்கோப் வழியாக அதன் ஒவ்வொரு செல்லையும் பார்க்க முடியும்.

பிரிட்டன் விஞ்ஞானி ஜான் சல்ஸ்டன் பொறுமையாக உட்கார்ந்து எண்ணினார். ஒரு புழு உருவாகும்போது 1,090 செல்கள் பிறக்கின்றன. அவற்றில் 131 செல்கள் செத்துவிடுகின்றன. மீதி 959. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131 செல்கள், அதே இடத்தில், அதே நேரத்தில் சாகின்றன. அமெரிக்காவின் ராபர்ட் ஹார்விட்ஸ், இதை நடத்தும் மரபணுக்களைக் கண்டுபிடித்தார். சாகவைக்க சில மரபணுக்கள், அதைத் தடுத்து நிறுத்த ஒரு மரபணு. அதாவது, சாவு என்பது செல்லுக்குள் எழுதி வைக்கப்பட்ட திட்டம். இந்த இருவருக்கும், புழுவை ஆய்வுக்குக் கொண்டுவந்த சிட்னி பிரென்னருக்கும் 2002-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சரி, மனித செல்லில் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைப்பது யார்?

அடுப்பு நெருப்பு கூரையில் ஏறினால்...

மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றிப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். 'செல்லின் ஆற்றல் நிலையம்'. நாம் சாப்பிடும் சோற்றையும் சுவாசிக்கும் ஆக்சிஜனையும் சேர்த்து, செல்லுக்குத் தேவையான சக்தியாக மாற்றிக் கொடுப்பது இதன் வேலை. இதற்கு இரண்டு சவ்வுகள் உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக, இரண்டு சுற்றுச்சுவர் கட்டிய வீடு மாதிரி. இரண்டு சுவர்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் ஒரு சின்னப் புரதம் உலவிக்கொண்டே இருக்கும். சைட்டோகுரோம் சி என்பது அதன் பெயர்.

'சைட்டோகுரோம்' என்ற பெயரை 1925-ல் வைத்தவர் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி டேவிட் கெய்லின். இரும்பைச் சுமக்கும் இந்தச் செந்நிறப் புரதம், எலக்ட்ரான்களை ஓரிடத்தில் வாங்கி இன்னோர் இடத்தில் கொடுக்கும். இந்தக் கைமாற்று நடக்காவிட்டால் சக்தி உற்பத்தி நின்றுவிடும். இந்தப் புரதம் இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிக்குஞ்சுகள் கருவிலேயே இறந்துவிட்டன. அவ்வளவு முக்கியமான புரதம் இது.

1996-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஷியாவ்டாங் வாங் தலைமையிலான குழு, செல்லின் சாவைத் தொடங்கி வைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தது. ஆய்வகத்தில் வளர்த்த செல்களை உடைத்து, உள்ளே இருக்கும் சாற்றை எடுத்தார்கள். சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி இல்லாவிட்டால் சாவு தொடங்குவதில்லை என்று பார்த்துக்கொண்டே போனார்கள். கடைசியில் கையில் கிடைத்தது, யாரும் எதிர்பார்க்காத புரதம். ஆம், அதே சைட்டோகுரோம் சி.

அடுப்புக்குள் இருக்கும்வரை நெருப்பு சோறு பொங்கும். அதே நெருப்பு கூரைக்கு ஏறினால் வீடு என்னாகும்? சைட்டோகுரோம் சி-யும் அப்படித்தான். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும்வரை உயிர் கொடுக்கிறது. வெளியே வந்துவிட்டால் சாவு தொடங்குகிறது.

வெளியே வந்த சைட்டோகுரோம் சி, அபாஃப்-1 என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஏழு அபாஃப்-1 புரதங்கள் வட்டமாகக் கைகோத்து, ஏழு ஆரங்கள் கொண்ட சக்கரமாக மாறுகின்றன. இந்தச் சக்கரம் 'காஸ்பேஸ்' என்ற கத்தரிக்கோல் புரதங்களைத் தட்டி எழுப்புகிறது. அவை செல்லுக்குள் நூற்றுக்கணக்கான புரதங்களைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டுகின்றன. டி.என்.ஏ துண்டு துண்டாகிறது. ஸ்மாக் என்ற இன்னொரு மைட்டோகாண்ட்ரியப் புரதமும் கூடவே வெளியே வந்து, கத்தரிக்கோல்களுக்குப் போட்டிருந்த பூட்டைக் கழற்றிவிடுகிறது.

இதற்கிடையே, வழக்கமாகச் செல் சவ்வின் உட்பக்கம் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருள் வெளிப்பக்கம் திரும்புகிறது. 'என்னை விழுங்கிவிடு' என்று துப்புரவுச் செல்களுக்குக் காட்டும் அடையாளம் அது. அவை வந்து விழுங்கிவிடுகின்றன. குப்பை வெளியே சிதறுவதே இல்லை. தினமும் கோடிக்கணக்கில் செல்கள் செத்தும் நமக்கு வீக்கமோ காய்ச்சலோ வராத ரகசியம் இதுதான்.

வாசலில் நடக்கும் இழுபறி

அப்படியானால், சைட்டோகுரோம் சி வெளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் உயிரைக் காக்கும் வேலை. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச் சவ்வில் இதற்காக ஒரு இழுபறியே நடக்கிறது.

பாக்ஸ், பாக் என்று இரண்டு புரதங்கள். உத்தரவு வந்தால் இவை ஒன்றுசேர்ந்து வெளிச் சவ்வில் ஓட்டை போடும். பிசிஎல்-2 என்ற புரதமும் அதன் சகோதரர்களும் வாசலில் நிற்கும் காவலர்கள். ஓட்டை போட விடாமல் தடுப்பது இவர்கள் வேலை. மூன்றாவதாக ஒரு தூதர் கூட்டம் உண்டு. பிம், பூமா, நோக்ஸா என்று பல பெயர்கள். செல்லின் டி.என்.ஏ பழுதானாலோ, வளர்ச்சிக்கான சிக்னல் நின்றுபோனாலோ இந்தத் தூதர்கள் வந்து காவலர்களின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். காவலர்கள் அசைய முடியாத நேரத்தில் பாக்ஸும் பாக்கும் ஓட்டையைப் போட்டுவிடும்.

பாக்ஸ், பாக் இரண்டுமே இல்லாமல் எலிகளை உருவாக்கி 2000-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பார்த்தார்கள். பெரும்பாலான குட்டிகள் பிறக்கும் சமயத்திலேயே இறந்தன. பிழைத்த சிலவற்றின் விரல்களுக்கு நடுவே சவ்வு அப்படியே இருந்தது. மூளையிலும் ரத்தத்திலும் தேவைக்கு மேல் செல்கள் சேர்ந்துகிடந்தன. சாக வேண்டியவை சாகாவிட்டால் உடல் என்ன பாடுபடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சாக மறுக்கும் செல்

பிசிஎல்-2 காவலரை விஞ்ஞானிகள் முதலில் சந்தித்தது ஒரு புற்றுநோயில். நிணநீர் முடிச்சுகளில் வரும் ஃபாலிகுலர் லிம்போமா என்ற நோய் அது. இந்த நோயாளிகளில் பெரும்பாலானவர்களின் புற்றுச் செல்களில் 14-வது குரோமோசோமும் 18-வது குரோமோசோமும் துண்டு மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த இடமாற்றத்தால் ஒரு மரபணு ஓயாமல் வேலை செய்துகொண்டே இருந்தது. அதற்குத்தான் பிசிஎல்-2 என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் புற்றுநோய் என்றாலே 'செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவது' என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிசிஎல்-2-வும் செல்களைப் பெருகவைக்கும் மரபணுவாகத்தான் இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. 1988-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலுள்ள வால்டர் அண்ட் எலிசா ஹால் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் வாக்ஸ் என்ற ஆய்வு மாணவர், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து இதைச் சோதித்தார். ரத்தச் செல்களுக்குள் பிசிஎல்-2-வை வைத்து, அவற்றுக்கு அவசியமான வளர்ச்சிப் பொருளை நிறுத்தினார். சாதாரணச் செல்களாக இருந்தால் செத்திருக்கும். இவை சாகவில்லை. பெருகவும் இல்லை. சும்மா உயிரோடு இருந்தன.

புற்றுநோய் பற்றிய புரிதலையே மாற்றிய விடை அது. அதிகமாகப் பிறப்பதால் மட்டுமல்ல, சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் இருப்பதாலும் புற்றுநோய் வரும். 1992-ல் இதே மனித மரபணுவைப் புழுவுக்குள் வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் செல்களின் சாவைத் தடுத்தது! புழுவும் மனிதனும் எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோனவர்கள். ஆனாலும் வாசல் காவல் முறை மாறவில்லை.

இந்தக் காவலரின் மதிப்பு வைரஸ்களுக்கும் தெரியும். எப்ஸ்டீன்-பார் வைரஸ், பிசிஎல்-2 போலவே ஒரு புரதத்தைத் தன்னோடு வைத்திருக்கிறது. தான் குடியிருக்கும் செல் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

28 ஆண்டுகள் கழித்து ஒரு மாத்திரை

காவலர்தான் பிரச்னை என்றால், அவர் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு மருந்து செய்ய முடியாதா? தூதர் புரதம் வந்து உட்காரும் பள்ளத்தில் போய் உட்காரும் மருந்து. யோசனை எளிது. செய்வது எளிதாக இல்லை.

ஆரம்பத்தில் வந்த நேவிடோக்ளாக்ஸ் என்ற மருந்து வேலை செய்தது. ஆனால், பிசிஎல்-2-வோடு அதன் சகோதரரான பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தையும் பிடித்துக்கொண்டது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் உயிர்வாழ்வது அந்தச் சகோதரரை நம்பித்தான். நோயாளிகளுக்குத் தட்டணு எண்ணிக்கை இறங்கியது. விஞ்ஞானிகள் மீண்டும் மேசைக்குப் போய், பிசிஎல்-2-வை மட்டும் பிடிக்கும்படி மருந்தைச் செதுக்கினார்கள்.

அதுதான் வெனிடோக்ளாக்ஸ். நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கு 2016 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி கொடுத்தது. மெல்போர்ன் சோதனை நடந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்னர், கடுமையான கீமோதெரபியைத் தாங்க முடியாத முதியவர்களுக்கு வரும் இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய்க்கும் வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க அனுமதி வந்தது.

இந்த மருந்து எவ்வளவு வேகமானது என்பதை, அதைக் கொடுக்கும் முறையே காட்டிவிடும். நாள்பட்ட வகைக்கு முதல் வாரம் தினமும் 20 மில்லிகிராம். அடுத்தடுத்த வாரங்களில் 50, 100, 200. ஐந்தாவது வாரத்தில்தான் 400 மில்லிகிராம். எடுத்த எடுப்பில் முழு அளவைக் கொடுத்தால் புற்றுச் செல்கள் ஒரேயடியாகச் செத்து, அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியமும் பிற பொருள்களும் ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகமும் இதயமும் தாங்காது. அதனால்தான் படிப்படியாக ஏற்றுகிறார்கள். அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள்.

சாதாரண கீமோதெரபியும் கதிர்வீச்சும்கூடப் பெரும்பாலும் இதே வாசலை நோக்கித்தான் போகின்றன. அவை டி.என்.ஏ-வைச் சேதப்படுத்துகின்றன. அதைப் பார்த்து பி53 என்ற மேற்பார்வைப் புரதம் பூமா, நோக்ஸா தூதர்களை அனுப்புகிறது. வேகமாகப் பெருகும் முடி வேர்ச் செல்களுக்கும் அதே கதிதான். சிகிச்சையில் முடி கொட்டுவது இதனால்தான். வேர் தப்பிவிடுவதால் பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை முடிந்த பிறகு முடி திரும்ப வளர்கிறது.

யானைக்கு ஏன் புற்றுநோய் குறைவு?

வெயிலில் வெந்து தோல் உரிகிறதே, அங்கேயும் பி53-தான் வேலை செய்கிறது. புறஊதாக் கதிரால் டி.என்.ஏ கெட்டுப்போன செல்களை அது உதிரச் செய்கிறது. பழுதான செல் பிழைத்துக் கிடந்து புற்றாக மாறுவதைவிட, உதிர்ந்துபோவது நல்லதுதானே! மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த பி53 மரபணு கெட்டுப்போயிருக்கிறது.

யானைக்கு நம்மைவிடப் பல மடங்கு அதிகச் செல்கள். கணக்குப்படி புற்றுநோயும் அதிகம் வர வேண்டும். வருவதில்லை. நமக்கு பி53 மரபணு தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று. யானையிடம் கூடுதலாகப் பல பிரதிகள் இருக்கின்றன என்பது 2015-ல் தெரியவந்தது. 2018-ல் சிகாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். எல்ஐஎஃப்-6 என்ற மரபணு, செயலிழந்து கிடந்து யானைகளின் பரம்பரையில் மறுபடி உயிர்பெற்றிருக்கிறது. டி.என்.ஏ பழுதானதும் பி53 இதை எழுப்புகிறது. இதன் புரதம் நேராக மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் அந்தச் செல்லைச் சாகவைக்கிறது.

அதிகமாகத் திறந்தாலும் ஆபத்து

வாசல் எப்போதும் திறந்தே இருந்தால் நல்லதா? இல்லை. மாரடைப்பு, பக்கவாதம் வரும்போது சாகக் கூடாத செல்கள் சாகின்றன. இதயத் தசையும் மூளை நரம்பும் குடல் செல்லைப் போல மறுநாளே முளைத்து வருபவை அல்ல. பார்க்கின்சன் போன்ற நோய்களில் நரம்புச் செல்கள் அழிவதிலும் மைட்டோகாண்ட்ரியாவின் பழுதுக்குப் பங்கு இருக்கிறது.

இங்கே வாசலை மூடிவைக்கும் மருந்து தேவை. அது இன்னும் கைக்கு வரவில்லை. மாரடைப்பில் மைட்டோகாண்ட்ரியாவைக் காப்பாற்றும் என்று நம்பி சைக்ளோஸ்போரின் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. விலங்குகளிடம் நம்பிக்கை கொடுத்த மருந்து அது.

வாட்ஸ்அப்பில் வரும் 'செல் கொல்லி'கள்

கடைசியாக, எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. 'இந்த இலையின் சாறு புற்றுச் செல்லை அபாப்டோசிஸ் மூலம் கொல்கிறது என்று ஆய்வில் நிரூபணம்' என்ற மாதிரி செய்திகள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். ஆய்வு உண்மையாகவே நடந்திருக்கலாம். ஆனால் எங்கே நடந்தது என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் கண்ணாடித் தட்டில். தட்டில் இருக்கும் செல்மீது அடர்த்தியான சாற்றை ஊற்றினால் மைட்டோகாண்ட்ரியாவின் வாசல் திறந்துவிடலாம். மஞ்சளில் இருக்கும் குர்குமின் இப்படித் தட்டில் புற்றுச் செல்களைச் சாகவைத்த ஆய்வுகள் நிறைய உண்டு. ஆனால், வாய்வழியாகச் சாப்பிடும் குர்குமினில் மிகக் குறைவான அளவே ரத்தத்தில் சேர்கிறது. தட்டுக்கும் உடலுக்கும் அவ்வளவு தூரம். அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் வெனிடோக்ளாக்ஸுக்கு 28 ஆண்டுகள் தேவைப்பட்டன. நடுவில் தட்டணுக்களைக் குறைத்த மருந்தை ஒதுக்கிவைத்து, மறுபடி செதுக்க வேண்டியிருந்தது.

சமையலில் மஞ்சளைத் தாராளமாகப் போடுங்கள். ஆனால், வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால், பொடியையும் சாற்றையும் நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த இடைவெளியில் பெருகுவது, சாக மறுக்கும் செல்கள். மூலிகைகளோ சத்து மாத்திரைகளோ எடுத்துக்கொண்டால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சில பொருள்கள் புற்றுநோய் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றவோ இறக்கவோ செய்யும். வெனிடோக்ளாக்ஸ் சாப்பிடுபவர்களைப் பப்ளிமாஸ் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழத்தைக்கூடத் தொட வேண்டாம் என்கிறார்கள்.

'எங்களுக்கு வந்திருக்கும் நோய் எந்த வகை, அதன் மரபணுப் பரிசோதனை தேவையா, அதற்கு ஏற்ற மருந்து இருக்கிறதா?' இந்த மூன்று கேள்விகளையும் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். ஒரே பெயர் கொண்ட புற்றுநோயில்கூட, செல் சாக மறுப்பதற்கான காரணம் ஆளுக்கு ஆள் மாறலாம். அந்தக் காரணம் தெரிந்தால்தான் எந்தக் காவலரின் கையைப் பிடிப்பது என்று முடிவுசெய்ய முடியும்.